2.33 மில்லிமீட்டர்

போன மாசம் ஒரு சனிக்கிழமை. இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூட ஹாலில் மாடல் ரயில் கண்காட்சி நடக்குதுன்னு கேள்விப்பட்டுப் போயிருந்தேன். பேப்பர் கப்பில் டீ, ஒரு துண்டு கேக், வழக்கமான சமாச்சாரம்தான். வாசல் பக்கத்து மேசையில் கலர் கலரா ரயில்கள் சளைக்காமல் வட்டமடிச்சுக்கிட்டிருந்தன. குழந்தைகள் கூட்டம் மொத்தமும் அங்கேதான். ஹாலின் கோடியில் ஒரு கிராமத்துக் கிளைப்பாதை ஸ்டேஷன், பதினஞ்சு அடி நீளத்துக்கு. அங்கே ஏழெட்டுப் பேர், எல்லாம் தலை நரைத்தவர்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒன்றுமே நடக்காத அந்த ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நானும் நின்றேன். நாலு நிமிஷம் கழிச்சு சிக்னல் கை அசைந்தது. ஒரு குட்டி எஞ்சின் நாலு வேகனை இழுத்துக்கொண்டு, மனுஷன் நடக்கிற வேகத்தில் வந்தது. பாயின்ட்ஸைத் தாண்டும்போது மூணாவது வேகன் லேசாகச் சாய்ந்து நின்னுடுச்சு. தடம் புரண்டுவிட்டது.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் பதறவில்லை. வேகனை எடுத்துக் கவிழ்த்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பித்தளைத் துண்டை எடுத்து ரெண்டு சக்கரத்துக்கும் நடுவே செருகிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். ஒரு சிவப்புச் சீட்டில் ஏதோ எழுதி, வேகனோடு சேர்த்து டப்பாவில் வைத்தார்.

"என்னங்க ஆச்சு?" என்றேன்.

"ஒரு சக்கரம் 0.1 மில்லிமீட்டர் உள்ளே நகர்ந்துடுச்சு" என்றார், ஏதோ கொலைக் குற்றத்தைச் சொல்கிற மாதிரி.

அந்தப் பக்கம் வாசலில் இருந்த ரயில், நான் பார்த்தவரை ஒரு தடவைகூடத் தடம் புரளவில்லை. அப்புறம் இவங்களுக்கு எதுக்கு இந்த அவஸ்தை? வீட்டுக்கு வந்து தோண்ட ஆரம்பிச்சேன். நூறு வருஷக் கதையாகப் போய்க்கொண்டே இருக்கிறது.

நமக்கெல்லாம் கேஜ்னா என்னன்னு புதுசா சொல்லவேண்டாம். மீட்டர்கேஜ் 1000 மிமீ, பிராட்கேஜ் 1676 மிமீ. பிரிட்டனில் 4 அடி எட்டரை அங்குலம், அதாவது 1435 மிமீ. வீட்டில் வைக்கிற மாடல்களில் ஒரு காலத்தில் பெரும்பாலும் இருந்தது 'ஓ' அளவு. பெரிய வீடு இருந்தால்தான் சரிப்படும். சாப்பாட்டு மேசையில் ஓட்டுகிற மாதிரி அதைப் பாதியாக்கிய ரயிலை 1922-ல் ஜெர்மனியின் பிங் கம்பெனி கொண்டுவந்தது. தண்டவாள அகலம் 16.5 மிமீ என்று நிலைத்தது. அந்த அகலத்துக்குச் சரியான கணக்கு, நிஜத்தின் ஒரு அடிக்கு 3.5 மிமீ. ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதையே பிடித்துக்கொண்டன.

பிரிட்டனில்தான் சிக்கல். அந்த ஊர்ப் பாலங்களும் சுரங்கங்களும் குறுகலானவை. அதனால் நிஜ எஞ்சின்களே மத்த நாட்டு எஞ்சின்களைவிடச் சின்னது. 3.5 மிமீ கணக்கில் செய்தால் அன்றைய மோட்டார் அதன் வயிற்றுக்குள் நுழையாது. என்ன செய்தார்கள்? எஞ்சின் உடம்பை மட்டும் அடிக்கு 4 மிமீ என்று பெரிசாக்கினார்கள், தண்டவாளத்தை 16.5-லேயே விட்டுவிட்டார்கள். ஆள் வளர்ந்தாச்சு, செருப்பு பழசு :-) இதுதான் 'ஓஓ' அளவு. 1938-ல் ஹார்ன்பி டப்ளோ வந்ததும் இது ஊரெல்லாம் பரவிடுச்சு. இன்னிக்கும் பிரிட்டனில் கடையில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 4 மிமீ அளவில் தண்டவாளம் 18.83 மிமீ இருக்கணும். இருப்பது 16.5. வித்தியாசம் 2.33 மிமீ. நிஜத்தில் அது ஏழு அங்குலம். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. எஞ்சின் நேரே நம்மைப் பார்த்து வரும்போது, பெரிய உடம்பை வச்சுக்கிட்டு காலை ஒடுக்கி நிக்கிற ஆள் மாதிரி தெரியும். ஒருதடவை கண்ணில் பட்டால் அப்புறம் போகாது.

கண்ணில் பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. முதலில் 18 மிமீ தண்டவாளத்தைப் போட்டுப் பார்த்தார்கள். 'ஈஎம்' என்று பேர். பீட்டர் டென்னி என்கிற பாதிரியார் 1940-களின் கடைசியில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் வளர்த்த 'பக்கிங்காம்' ரயில் இந்த வகைதான். ஆள் ஒருத்தராக எல்லா ஸ்டேஷனையும் கவனிக்க முடியாமல், வண்டியை அனுப்பி வைக்க ஒரு எந்திரத்தையே செய்து, அதுக்குத் தன் மகன் பேரை வச்சு 'ஆட்டோமாட்டிக் கிறிஸ்பின்' என்று கூப்பிட்டார்! ஈஎம் ஆட்களுக்கு 1955-ல் ஒரு சங்கமும் வந்தது.

ஆனாலும் 18-ம் 18.83-ம் ஒண்ணில்லையே. 1960-களில் ஒரு சின்னக் குழு, மாடல் ரயில்வே ஸ்டடி குரூப்னு பேர், வேற மாதிரி யோசிச்சது. தண்டவாள அகலத்தை மட்டும் ஏன் திருத்தணும்? சக்கரத்தின் கனம், விளிம்பின் உயரம், பாயின்ட்ஸில் விளிம்பு நுழைகிற சந்து, எல்லாத்தையுமே நிஜத்திலிருந்து அப்படியே சுருக்கினால் என்ன? 1966-ல் தங்கள் அளவுகளை மாடல் ரயில்வே கன்ஸ்ட்ரக்டர் என்கிற பத்திரிகையில் வெளியிட்டார்கள். புரோட்டோஃபோர், சுருக்கமா 'பி4'. நான் பார்த்த பெரியவரின் ஸ்டேஷன் அந்த ஜாதி.

இதில் என்ன கஷ்டம்? நிஜ ரயில் சக்கரத்தின் உள்பக்க விளிம்பு சுமார் 30 மிமீதான் கீழே இறங்கியிருக்கும். 76-ல் ஒரு பங்காக்கினால் 0.4 மிமீ. நாலு தாளை அடுக்கின கனம். வண்டியைத் தண்டவாளத்தில் பிடித்து வைக்க அவ்வளவுதான் இருக்கு. பழைய ஓஓ அளவில் பாயின்ட்ஸ் சந்து 1.25 மிமீ, பி4-ல் 0.7-க்கும் கீழே. கடை ரயில் ஏன் தடம் புரளாது என்று இப்போ புரியுதா? விளிம்பும் பெரிசு, சந்தும் பெரிசு. தப்பை மன்னிக்கிற மாதிரி செய்தது. பி4 மன்னிக்காது.

அதிலும் இன்னொண்ணு. நாலு கால் நாற்காலி மேடுபள்ளத் தரையில் ஆடும், ஒரு கால் தூக்கிக்கிட்டு நிக்கும். வேகனும் அப்படித்தான். தண்டவாளம் அரை மில்லிமீட்டர் கோணினால் போதும், ஒரு சக்கரம் அந்தரத்தில். 0.4 மிமீ விளிம்பு வெளியே ஏறிடும். இதுக்கு அவங்க கண்ட வழி நம்ம முக்காலி. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. ஒரு அச்சை இறுக்கிவிட்டு, இன்னொரு அச்சை நடுவில் ஒரே புள்ளியில் தாங்கி, தராசுக்கோல் மாதிரி ஆடவிட்டார்கள். இப்போ வேகன் மூணு புள்ளியில் உட்காருது, நாலு சக்கரமும் தண்டவாளத்தைத் தொடுது. எஞ்சின்களுக்கும் இதே தத்துவம்தான். பிற்பாடு கிடார் தந்தி மாதிரி மெல்லிய எஃகுக் கம்பியை ஸ்பிரிங்காக வைக்கிறதும் வந்தது.

தண்டவாளத்தையும் கையால்தான் போடணும். குழுவில் இருந்த ஜோ ப்ரூக் ஸ்மித்தின் முறை பிரபலம். மெல்லிய பிளைவுட்டில் ஸ்லீப்பர் கட்டைகள், ஒவ்வொண்ணிலும் துளை போட்டு குட்டிப் பித்தளை ரிவெட், அதன் மேல் தண்டவாளத்தை வைத்து சால்டரிங். ஒரு பாயின்ட்ஸ் முடிக்கப் பல சாயங்காலங்கள் ஆகும். கண்காட்சிக்கு என்றால் இன்னும் தலைவலி. மொத்த ஸ்டேஷனும் பல பலகைகளாகக் கழன்று வேனில் வரணும், ஹாலில் திரும்பப் பூட்டும்போது தண்டவாள முனைகள் முடி அளவு கூட விலகக்கூடாது. ஹீட்டர் போட்டால் உலோகம் நீளும், மழை பெய்தால் மரம் ஊதும்.

நிற்க. இவ்வளவையும் படிச்சப்போ, கொஞ்சம் கிறுக்குத்தனம்னுதான் எனக்கும் பட்டது. அப்புறம்தான் அந்த 1966 என்கிற வருஷம் உறுத்தியது.

1963-ல் பீச்சிங் அறிக்கை வந்தது. நஷ்டம் தாங்கலைன்னு 2,363 ஸ்டேஷன்களை மூடச் சொன்ன அறிக்கை. கிராமத்துக் கிளைப்பாதைகள் ஒவ்வொண்ணாகப் போச்சு. தண்டவாளத்தைப் பேர்த்தார்கள், கட்டடங்களை இடித்தார்கள். 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் மெயின் லைனில் நீராவி எஞ்சின் ஓடறதும் நின்னுபோச்சு. இந்த ரெண்டு வருஷத்துக்கும் நடுவில் பி4. தினமும் பார்த்த ஸ்டேஷன் அடுத்த வருஷம் இருக்காதுன்னு தெரிஞ்ச ஆட்கள் டேப்பும் கேமராவும் தூக்கிக்கிட்டு ஓடியிருக்காங்க. பிளாட்பார விளிம்புக் கல்லின் அகலம், வேலிக் கட்டையின் உயரம் எல்லாத்தையும் அளந்து எழுதி வச்சாங்க. இருக்கிற ஒண்ணுக்கு ஏறக்குறையப் பொம்மை செய்தால் பரவாயில்லை, நிஜத்தைப் போய்ப் பார்த்துக்கலாம். இல்லாமல் போகிற ஒண்ணுக்கு ஏறக்குறையச் செய்தால்? நாளைக்கு எதோடு ஒப்பிடுவது? 2.33 மில்லிமீட்டருக்கு அவங்க அடம்பிடிச்சதில் இதுக்கும் பங்கு உண்டுன்னு எனக்குத் தோணுது.

இதை ரொம்ப முன்னாடியே உணர்ந்தவர் ராய் இங்கிலாந்து. பேர்தான் அப்படி, ஆள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்காரர். 1925-ல் பிரிட்டனுக்கு வந்தவர், வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கு கிராமங்களில் மனசைப் பறிகொடுத்தார். கண் முன்னாலேயே அவை மாறிக்கொண்டிருந்தன. வைக்கோல் வேய்ந்த கூரையைப் பிரிச்சுட்டு ஆஸ்பெஸ்டாஸ் போடறாங்க. தடுக்க அவரால் முடியாது, காசும் கிடையாது. 1930-களின் தொடக்கத்திலிருந்து அந்த வீடுகளை ஒவ்வொண்ணாக அளந்து, அட்டையில் 76-ல் ஒரு பங்காகக் கட்ட ஆரம்பித்தார். செங்கல் வரிசைகளை அட்டையில் கீறி, வாட்டர்கலர் தீட்டினார். ஒரு வீட்டுக்கு மாதக்கணக்கு. அங்கே கூரை வேயப் பயன்படும் சாமான் என்ன தெரியுமா? பிளம்பர்கள் குழாய் மரையில் சுத்துகிற சணல்! 1954-ல் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் அதுக்கென்று பெண்டன் மியூசியத்தைத் தொடங்கினார். அவர் 1995-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். தன்னார்வலர்கள் தொடர்ந்து கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒரு சுவாரஸ்யம். பெண்டனில் ஓடும் ரயில் பி4 கிடையாது, ஈஎம்தான். அதே மியூசியத்தில் ஜான் ஏஹெர்ன் என்பவரின் 'மேடர் வேலி'யும் இருக்கு. 1930-களிலேயே ரயிலை மலை, ஆறு, ஊர் என்று ஒரு நிலக்காட்சிக்குள் ஓடவிட்ட முன்னோடி அவர். அதன் தண்டவாளம் 16.5, நம்ம 'தப்பு' அளவேதான்! ஊரும் கற்பனை ஊர். ஆனாலும் அதைத் தூக்கிப்போடாமல் போற்றி வச்சிருக்காங்க. அளவு சரியாயிருந்தால்தான் உயிர் இருக்கும்னு இல்லை என்று அந்த மியூசியத்துக்காரங்களுக்கே தெரிஞ்சிருக்கு. இதைப் படித்ததும் அந்த ஆட்கள்மேல் மரியாதை கூடித்தான் போச்சு.

கண்காட்சிக்குத் திரும்புவோம். டீ ஆறிப்போற வரைக்கும் நின்னதில் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன், "இந்த ஸ்டேஷன் இப்போ எப்படி இருக்குங்க?"

"கார் பார்க்கிங்" என்றார் பெரியவர். "இங்கேயிருந்துதான் நான் பள்ளிக்கூடத்துக்கு ரயில் ஏறினேன்."

நாலு மணி வாக்கில் அந்த சிவப்புச் சீட்டு வேகன் திரும்ப வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சக்கரத்தைச் சரிபண்ணியிருக்கிறார். பாயின்ட்ஸை நெருங்கும்போது பார்த்துக்கிட்டிருந்த ஏழெட்டுப் பேரும் பேச்சை நிறுத்தினோம். தாண்டிப் போனது. யாரும் கைதட்டலை. ஒருத்தர் மட்டும் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

பி.கு.: அந்தப் பக்கம் போகிறவர்கள் பெண்டனை விட்டுடாதீங்க. எந்தெந்த நாள் திறந்திருக்கும்னு பார்த்துட்டுப் போங்க. குழந்தைகளைவிட உங்களுக்குத்தான் வெளியே வர மனசு வராது.