இயற்கையான அளவு எது?
வீட்டுக்குள் புகுந்த காரீயத்தின் வரலாறு

'ஈயம்' என்னும் ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறிப்பிடுகிறோம். ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் செய்யப்படுவது. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசப்படுவதும் வெள்ளீயமே. அது சமையலுக்கு ஏற்றது. காரீயமோ நஞ்சு. ஆனால் இரண்டும் எளிதில் உருகுபவை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலும், காரீயம் 327 டிகிரி செல்சியஸிலும் உருகும். பார்வைக்கும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். காரீயம் விலை மலிவு. எனவே ஒன்றில் மற்றொன்று கலக்கும் அபாயம் எப்போதும் உண்டு.

வீட்டிலுள்ள நஞ்சுகளைப் படிப்படியாகக் குறைத்து, குடும்பத்தோடு இயற்கையாக வாழவேண்டும் என்ற ஆவல் இன்று பலரிடம் காணப்படுகிறது. நல்ல ஆவல்தான். ஆனால் 'இயற்கை' என்று நாம் எதைச் சொல்கிறோம்? பழைமையானதெல்லாம் இயற்கையா? எல்லோரிடமும் இருப்பதெல்லாம் இயற்கையா? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் விடை கண்ட வரலாற்றைக் காரீயத்தின் வழியே காண்போம்.

பழங்காலத்து நஞ்சு

காரீயம் புதிய பொருளன்று. ரோமானியர் அதைக் கொண்டு தண்ணீர்க் குழாய்கள் செய்தனர். அதன் லத்தீன் பெயர் 'பிளம்பம்'. குழாய் வேலை செய்பவரை 'பிளம்பர்' என்று அழைப்பது அச்சொல்லிலிருந்து வந்ததே. விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர், காரீயக் குழாயைவிட மண் குழாயில் வரும் தண்ணீரே உடலுக்கு நல்லது என்று அக்காலத்திலேயே எழுதினார். காரீயத்தை உருக்கும் தொழிலாளர்களின் உடல் வெளிறியிருப்பதை அவர் சான்றாகக் காட்டினார்.

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஆப்பிள் பானம் அருந்தியவர்களுக்குக் கடும் வயிற்றுவலி வந்தது. கை கால்கள் செயலிழந்தன. ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் 1767-ஆம் ஆண்டில் இதன் காரணத்தை வெளியிட்டார். பழம் பிழியும் ஆலைகளில் பயன்பட்ட காரீயம் பானத்தில் கரைந்திருந்தது. 1786-ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், அச்சுக்கோப்பவர்கள், வர்ணம் பூசுபவர்கள் முதலியோருக்குக் காரீயத்தால் நேரும் கேடுகளை விவரித்தார். பயனுள்ள உண்மை ஒன்று தெரியவந்த பிறகும் அது நடைமுறைக்கு வர எவ்வளவு காலம் பிடிக்கிறது என்று அவர் வருந்தினார். பிறகு நடந்தவற்றைப் பார்க்கும்போது அவ்வருத்தம் எவ்வளவு பொருத்தமானது என்பது புரியும்.

வராந்தாவில் விளையாடிய குழந்தைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை காரீய நோய் தொழிலாளர்களின் நோயாகவே கருதப்பட்டது. அது குழந்தைகளையும் தாக்கும் என்பது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் தெரியவந்தது. பிரிஸ்பேன் நகரில் பல குழந்தைகள் வயிற்றுவலியோடும், கை கால் வாதத்தோடும் மருத்துவமனைக்கு வந்தனர். இது காரீய நஞ்சே என்று ஜெப்ரிஸ் டர்னர் முதலிய மருத்துவர்கள் 1890-களில் கண்டனர். ஆனால் குழந்தைகளின் உடலில் அது எவ்வாறு புகுந்தது?

1904-ஆம் ஆண்டில் லாக்ஹார்ட் கிப்ஸன் என்ற கண் மருத்துவர் விடை கூறினார். மரவீடுகளின் வராந்தாக் கம்பிகளுக்கு வெள்ளைக் காரீயம் கலந்த வர்ணம் பூசப்பட்டிருந்தது. வெயிலில் காய்ந்த வர்ணம் மாவுபோல் உதிர்ந்தது. கம்பியைப் பிடித்து விளையாடிய குழந்தையின் கையில் அந்தத் தூள் ஒட்டியது. குழந்தை விரலை வாயில் வைத்தது. நஞ்சு உள்ளே சென்ற வழி இவ்வளவுதான்.

பிரான்ஸ் 1909-இலேயே வீட்டு உட்புற வர்ணங்களில் வெள்ளைக் காரீயத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 1921-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதற்காகவே ஓர் உடன்படிக்கையை உருவாக்கியது. குவீன்ஸ்லாந்து 1922-இல் குழந்தைகளின் கைக்கெட்டும் இடங்களில் இவ்வர்ணத்தைத் தடை செய்தது. ஆனால் அமெரிக்காவில் வீட்டு வர்ணங்களுக்குத் தடை வந்தது 1978-இல்தான்! பிராங்க்ளினின் சொந்த நாட்டிலேயே இத்தனை தாமதம்.

பெட்ரோலில் ஏறிய காரீயம்

இதற்கிடையில் காரீயத்திற்கு மற்றொரு வாசல் திறந்தது. மோட்டார் எஞ்சினில் பெட்ரோல் ஒரே சீராக எரியாவிட்டால் 'தட்தட்' என்று இடிக்கும் ஓசை உண்டாகும். எஞ்சினின் திறன் குறையும். 1921 டிசம்பரில் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கப் பொறியியலார், பெட்ரோலில் சிறிதளவு டெட்ரா ஈத்தைல் காரீயம் சேர்த்தால் இந்த இடி நின்றுவிடுவதைக் கண்டார். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. விற்பனைப் பெயர் 'ஈத்தைல்'. காரீயம் என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை!

1924 அக்டோபரில் நியூஜெர்சியில் இப்பொருளைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் ஐவர் மனம் பேதலித்து இறந்தனர். விற்பனை சிறிது காலம் நிறுத்தப்பட்டது, மீண்டும் தொடங்கியது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் உலகமெங்கும் மோட்டார் வண்டிகள் காரீயப் புகையைக் கக்கின. புகையிலிருந்த துகள்கள் தெருவிலும், திண்ணையிலும், வீட்டுத் தரையிலும் படிந்தன.

பூமியின் வயதைத் தேடியவர்

இக்கதையில் திருப்பம் ஏற்படுத்தியவர் மருத்துவர் அல்லர். கிளேர் பேட்டர்ஸன் என்ற அந்த விஞ்ஞானி ஆராய்ந்தது பூமியின் வயதை.

யுரேனியம் கதிரியக்கத்தால் சிதைந்து கடைசியில் காரீயமாகிறது. யுரேனியம்-238 சிதைந்தால் காரீயம்-206. யுரேனியம்-235 சிதைந்தால் காரீயம்-207. காரீயம்-204 மட்டும் எதனுடைய சிதைவிலிருந்தும் தோன்றுவதில்லை. அது ஆதியில் இருந்த அளவே இன்றும் இருக்கிறது. ஆகவே இந்த ஐசோடோப்புகளின் விகிதத்தை அளந்தால், கல்லுக்குள்ளேயே ஒரு கடிகாரம் கிடைத்துவிடுகிறது.

1948-இல் சிகாகோவில் பேட்டர்ஸன் இவ்வேலையைத் தொடங்கினார். மிக மிகச் சிறிய அளவு காரீயத்தை அவர் அளக்கவேண்டியிருந்தது. ஆனால் அளக்கும்போதெல்லாம் இருக்கவேண்டியதைவிடப் பலமடங்கு அதிகமாகவே காரீயம் கிடைத்தது. கல்லில் இருந்ததன்று அது. கண்ணாடிக் குடுவையில், தண்ணீரில், அமிலத்தில், அறைத் தூசியில், ஆராய்ச்சி செய்பவரின் உடையிலும் தலைமுடியிலும் காரீயம் இருந்தது! பல ஆண்டுகள் முயன்று, கலிபோர்னியாவில் வெளித்தூசி புகாத ஆய்வுக்கூடம் ஒன்றை அவர் அமைத்தார். 1956-இல் அவர் வெளியிட்ட விடை 455 கோடி ஆண்டுகள். இன்றும் நம் பாடநூல்களில் இருப்பது ஏறத்தாழ இதே எண்தான்.

மாணவர்கள் இந்த எண்ணை மனப்பாடம் செய்கிறார்கள். அந்த எண்ணுக்கு இடையூறாக வந்த தூசிதான் அதைவிடப் பெரிய கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியது என்பதையும் அவர்கள் அறியவேண்டும்.

வழக்கமும் இயற்கையும்

இவ்வளவு காரீயம் எங்கிருந்து வந்தது என்று பேட்டர்ஸன் ஆராயத் தொடங்கினார். கடலின் மேற்பரப்பு நீரில் ஆழ்நீரைவிட அதிகக் காரீயம் இருந்தது. கிரீன்லாந்துப் பனியின் பழைய அடுக்குகளில் மிகக் குறைவாகவும், புதிய அடுக்குகளில் மிக அதிகமாகவும் இருந்தது. அது அண்மைக் காலத்தில் காற்றின் வழியாக வந்தது என்பது தெளிவாயிற்று.

அக்காலத்தில் காரீயம் பற்றிய கருத்துகளுக்குத் தலைமை வகித்தவர் ராபர்ட் கெஹோ. அவரது ஆராய்ச்சிக்கு காரீயத் தொழில் நிறுவனங்களே பணம் அளித்து வந்தன. எந்த மனிதரைச் சோதித்தாலும் ரத்தத்தில் காரீயம் இருக்கிறது. ஆகவே அது இயற்கையானது. ஓர் எல்லைக்குமேல் போனால்தான் கெடுதல் என்பது அவர் வாதம். நகரத்தை விட்டு ஒதுங்கிய மெக்ஸிகோ கிராமம் ஒன்றின் மக்களிடமும் காரீயம் இருந்ததை அவர் சான்றாகக் காட்டினார். ஆனால் அக்கிராமத்தார் உண்டது காரீய மெருகு பூசிய மண்பாண்டங்களில்! மோட்டார் புகை இல்லாத ஊர்தான். நஞ்சு சட்டியிலேயே இருந்தது.

1965-இல் பேட்டர்ஸன் வெளியிட்ட கட்டுரை இந்த வாதத்தின் அடிப்படையையே அசைத்தது. 'வழக்கமான அளவு' வேறு, 'இயற்கையான அளவு' வேறு என்றார் அவர். எல்லோரும் நஞ்சு உண்டால் எல்லோரிடமும் நஞ்சு இருக்கும். அதனால் அது இயற்கையாகிவிடாது. 1979-இல் அவரும் துணைவர்களும் பெரு நாட்டில் கிடைத்த பண்டைக்கால மனித எலும்புகளை ஆராய்ந்தனர். இக்கால மனிதரின் எலும்பில் அவற்றைவிடப் பல நூறு மடங்கு காரீயம் இருப்பது புலனாயிற்று.

அவர் இதற்கு விலை கொடுத்தார். சில ஆராய்ச்சி உதவிகள் நின்றன. 1971-இல் காற்றிலுள்ள காரீயத்தைப் பற்றி ஆராய அமைக்கப்பட்ட தேசியக் குழுவில் அவருக்கு இடம் தரப்படவில்லை. அவர் அளவீடுகளை யாரும் பொய்யாக்கவும் இல்லை.

விழுந்த பால் பற்கள்

காரீயம் உடலில் செய்வதென்ன? அதன் அயனி கால்சியம் அயனியைப் போல் நடிக்கிறது. எலும்பும் பல்லும் ஏமாந்து அதைச் சேமித்துக்கொள்கின்றன. வளரும் மூளையில் கால்சியம் செய்யவேண்டிய வேலைகளை அது குழப்புகிறது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எலும்பிலோ பல பத்தாண்டுகள். உட்கொண்ட காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகள் ஈர்த்துக்கொள்கிறார்கள்.

ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர் எளிய வழி ஒன்றைக் கண்டார். பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து, அவற்றிலுள்ள காரீயத்தை அளந்தார். நோய் எதுவும் இல்லாத, ஓடியாடும் குழந்தைகளே அவர்கள். ஆயினும் பல்லில் காரீயம் அதிகமிருந்த குழந்தைகள் அறிவுத்திறன் தேர்விலும், வகுப்பில் கவனம் செலுத்துவதிலும் பின்தங்கியிருந்தனர். 1979-இல் வெளியான இம்முடிவு பெற்றோர்களைத் திடுக்கிட வைத்தது.

அதன்பின் மாற்றம் விரைந்தது. அமெரிக்காவில் பெட்ரோலிலுள்ள காரீயம் குறைக்கப்பட்ட 1976-1980 காலத்தில், மக்கள் ரத்தத்திலிருந்த காரீயமும் சராசரி 37 சதவீதம் குறைந்தது. குழந்தைகளுக்கு அபாயம் என்று கருதப்பட்ட எல்லையும் இறங்கியது. 1960-களில் 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 60 மைக்ரோகிராம், 1991-இல் 10, 2021-இல் 3.5. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்பதே உலக சுகாதார அமைப்பின் கருத்து.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் காரீயமற்ற பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2000-இல் நாடெங்கும் அதுவே விற்கப்பட்டது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல் காரீயப் பெட்ரோலைக் கைவிட்டது. மிட்ஜ்லியின் கண்டுபிடிப்புக்குச் சரியாக நூறாண்டு! வீட்டு வர்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

மஞ்சள் தரும் பாடம்

காரீயம் போய்விட்டதா? இல்லை. வங்காள தேசத்தில் மஞ்சளுக்கு நிறமேற்றக் காரீயக் குரோமேட் தடவும் வழக்கம் இருந்தது. இதைவிட இயற்கையான பண்டம் நம் சமையலறையில் உண்டா? 2019-இல் ஆராய்ச்சியாளர்கள் இதை வெளிப்படுத்தினர். அரசு சந்தைகளில் சோதனை நடத்தியது. எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, பொருளிலுள்ள தனிமங்களை உடனே காட்டும் கைக்கருவி பயன்பட்டது. அந்த ஆண்டு 47 சதவீத மாதிரிகளில் கலப்படம் இருந்தது. 2021-இல் ஒன்றில்கூட இல்லை. சரியாக அளந்து, உறுதியாகச் செயல்பட்டால் இரண்டே ஆண்டுகளில் இவ்வளவு சாதிக்க முடிகிறது.

நம் வீட்டில்

நாம் செய்யத்தக்கவை சில. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவேண்டியதில்லை. பழைய வர்ணம் உதிரும் கதவு, சன்னல்களை உலர்ந்த நிலையில் சுரண்டலாகாது. நனைத்துச் சுரண்ட வேண்டும். அப்போது குழந்தைகள் அருகில் இருக்கலாகாது. தூசியைப் பெருக்கிப் பறக்கவிடுவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. விளையாடிவிட்டு வரும் குழந்தை கை கழுவிய பிறகே உண்ண வேண்டும். புதிய வர்ணம் வாங்கும்போது காரீயமற்றது என்ற குறிப்பைப் பார்க்கலாம். ஈயம் பூசக் கொடுக்கும்போது சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் மஞ்சள்தூளை நாடாமலிருக்கலாம். பழைய பாட்டரிகளை வீட்டில் உடைக்கலாகாது.

உணவிலும் ஒரு பாதுகாப்பு உண்டு. உடலில் இரும்பும் கால்சியமும் குறைந்தால் காரீயம் எளிதில் ஏறிக்கொள்ளும். கேழ்வரகும் கீரையும் பாலும் இடம்பெறும் தட்டில் அந்த அபாயம் குறைகிறது. ஐயமிருந்தால் மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளலாம்.

டெவன் மக்களின் ஆப்பிள் பானமும், மெக்ஸிகோ கிராமத்தின் மண்பாண்டமும், பளிச்சென்ற மஞ்சளும் பார்வைக்கு இயற்கையானவையே. அவற்றில் நஞ்சு இருந்ததை நாவும் கண்ணும் காட்டவில்லை, அளவீடுதான் காட்டியது. இயற்கையாக வாழ விரும்பும் குடும்பம் எதையும் அதன் பெயரைக் கேட்டு நம்பாமல், 'இதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது?' என்று கேட்கப் பழகினால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்கக் குழந்தைகளுக்கும் கற்றுக்கொடுப்போம்.