கழலையும் காது கேளாமையும்: பெண்டிரெட் கூட்டறிகுறியின் வரலாறு

பெண்டிரெட் கூட்டறிகுறி என்பது ஒரு பரம்பரை நோயாகும். பிறவியிலோ இளம் வயதிலோ தோன்றும் காது கேளாமையும், தைராய்டு சுரப்பி பெருப்பதால் உண்டாகும் முன்கழுத்துக் கழலையும் இந்நோயில் ஒருவரிடமே சேர்ந்து காணப்படும். இது 1896-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. கழுத்திலுள்ள சுரப்பியும் காதினுள் உள்ள உறுப்பும் ஒன்றாகப் பாதிக்கப்படுவது ஏன் என்பதை அறிய ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

மலைநாட்டுக் கழலை

கழலையும் கேளாமையும் சேர்ந்து வருவது பெண்டிரெட்டுக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. ஆல்ப்ஸ், இமயமலைப் பள்ளத்தாக்குகளில் கழலை மிகுந்த ஊர்களில் காது கேளாத, வாய் பேசாத குழந்தைகளும் பலர் இருந்தனர். கில்கிட், சித்ரால் பகுதிகளில் இவர்களை ஆராய்ந்த ராபர்ட் மெக்காரிசன் 1908-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். இவரே பின்னாளில் நீலகிரி மாவட்டம் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்தியவர். மாசடைந்த குடிநீரே கழலைக்குக் காரணம் என்று அவர் கருதினார்.

உண்மையான காரணம் அயோடின் குறைபாடு. மலைநாட்டு மண்ணிலிருந்து அயோடின் மழையாலும் பனியாலும் அரித்துச் செல்லப்படுகிறது. அயோடின் இல்லாமல் தைராய்டு இயக்குநீர் உருவாகாது. கருவிலுள்ள குழந்தையின் மூளையும் உட்செவியும் வளர அந்த இயக்குநீர் தேவை. சுவிட்சர்லாந்தில் 1922 முதல் அயோடின் கலந்த உப்பு பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் பிறந்த தலைமுறையில் கழலையும் அதனுடன் வரும் கேளாமையும் குறைந்தன. இங்கே சுரப்பியின் குறையே காதின் குறைக்குக் காரணமாக இருந்தது.

டர்ஹாம் நகரச் சகோதரிகள்

வான் பெண்டிரெட் என்ற ஆங்கில மருத்துவர், டர்ஹாமில் வாழ்ந்த ஓர் ஐரிஷ் குடும்பத்தின் சகோதரிகள் இருவரைப் பற்றி 1896-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். இருவருக்கும் காது கேட்கவில்லை. இருவருக்கும் கழலை இருந்தது. 1927-இல் ரசல் பிரெய்ன் இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்து, இது ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படலாம் என்று கூறினார். அதாவது, பெற்றோர் இருவரும் நலமாக இருந்தாலும் அவர்களுடைய பிள்ளைகளில் சிலருக்கு நோய் வரக்கூடும்.

1958-இல் மார்கன்ஸ், டிராட்டர் ஆகியோர் சுரப்பியின் குறையைக் காட்டும் சோதனையை வெளியிட்டனர். நோயாளிக்கு முதலில் சிறிதளவு கதிரியக்க அயோடினும், பிறகு பெர்குளோரேட் என்ற உப்பும் தரப்படும். நலமான சுரப்பியில் அயோடின் புரதத்துடன் இணைந்து அங்கேயே தங்கிவிடும். இந்நோயாளிகளிடமோ இணையாத அயோடினில் ஒரு பகுதி வெளியேறிவிடும்.

எனினும் ஒரு புதிர் எஞ்சியது. பெரும்பாலான நோயாளிகளின் இரத்தத்தில் தைராய்டு இயக்குநீர் இயல்பான அளவிலேயே இருந்தது. கேளாமை குழந்தைப் பருவத்திலேயே தெரிந்தது. கழலையோ பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் அல்லது அதற்குப் பின்னரே வந்தது. பின்னால் வருவது முன்னால் வந்ததற்குக் காரணமாக இருக்க முடியாது.

மரபணு தந்த விடை

1997-இல் ஏழாவது குரோமோசோமில் இந்நோய்க்குரிய மரபணு கண்டறியப்பட்டது. அது உருவாக்கும் புரதத்துக்குப் பெண்டிரின் என்று பெயரிடப்பட்டது. மின்னூட்டம் கொண்ட துகள்களைச் செல்லின் சவ்வு வழியே கடத்துவது இதன் வேலை. தைராய்டு சுரப்பியில் இது அயோடைடைக் கடத்த உதவுகிறது. உட்செவியிலோ குளோரைடையும் பைகார்பனேட்டையும் பரிமாறி, அங்குள்ள திரவத்தின் அமிலத்தன்மையைச் சமன்படுத்துகிறது. பெண்டிரின் செயலிழந்தால் திரவ அறைகள் வீங்கி, கேட்கும் செல்கள் சிதைகின்றன.

2001-இல் இம்மரபணு நீக்கப்பட்ட எலிகளைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அவற்றுக்குக் காது கேட்கவில்லை. ஆனால் தைராய்டு சுரப்பி இயல்பாகவே இருந்தது. ஆக, பெண்டிரெட் நோயில் சுரப்பி காதைக் கெடுக்கவில்லை. ஒரே புரதத்தின் குறை இரண்டு உறுப்புகளையும் தனித்தனியே தாக்குகிறது.

இத்தாலியின் பொலோனா நகரில் கார்லோ மொண்டினி 1791-இலேயே காது கேளாத சிறுவன் ஒருவனின் உட்செவியை அறுத்து ஆராய்ந்திருந்தார். நத்தை ஓடு போன்ற காக்ளியாவில் வழக்கமான இரண்டரைச் சுற்றுகளுக்குப் பதிலாக ஒன்றரைச் சுற்றுகளே இருந்தன. பெண்டிரெட் நோயாளிகள் பலரிடமும் இவ்வமைப்பு காணப்படுகிறது. உட்செவியின் நீர்க்குழாய் ஒன்று அகன்றிருப்பது அதைவிடப் பொதுவான அடையாளம்.

இன்றைய பயன்

அயோடின் குறைபாட்டால் வரும் கேளாமையைக் கருவுறும் முன்பிருந்தே தாய்க்குப் போதிய அயோடின் கிடைக்கச் செய்து தடுக்கலாம். பெண்டிரெட் கேளாமையை உப்பாலோ தைராய்டு மாத்திரையாலோ தடுக்க முடியாது. ஆனால் முன்கூட்டியே கண்டறிவதால் நன்மை உண்டு. நீர்க்குழாய் அகன்ற குழந்தைகளில் சிலருக்குத் தலையில் படும் சிறு அடியாலும் எஞ்சிய கேட்கும் திறன் திடீரெனக் குறையலாம். எனவே தலையில் அடிபடக்கூடிய விளையாட்டுகளைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். கேட்புக் கருவியோ காக்ளியா உள்வைப்போ காலத்தோடு கிடைத்தால் குழந்தை பேச்சைக் கற்றுக்கொள்ள முடியும். கழலை பிறகு தோன்றக்கூடும் என்பதால் தைராய்டு சுரப்பியையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.