உரிமையாளருக்கும் அனுமதி இல்லை

‘கிளவுட்’ என்கிறோம். மேகம் எதுவும் அங்கே கிடையாது. ஏசி போட்ட கட்டடம், வரிசையாக அடுக்கிய இரும்புப் பெட்டிகள், காதைப் பிளக்கும் மின்விசிறிச் சத்தம். ஒரு பெட்டிக்குள் பத்து, இருபது கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றில் ஏதோ ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகள் இருக்கலாம். இன்னொன்றில் ஒரு கல்லூரி மாணவர் எழுதிப் பார்க்கும் விளையாட்டு. மூன்றாவதை வாடகைக்கு எடுத்தவர் யார், எதற்கு எடுத்தார் என்று மற்ற இருவருக்கும் தெரியாது. ஒரே நினைவகம், ஒரே வட்டு, ஒரே கர்னல். நடுவில் இருக்கும் சுவர் மென்பொருளால் ஆனது. பன்னிரண்டு வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். பிழையே இல்லாத மென்பொருள் ஒன்றை இதுவரை பார்த்ததில்லை.

அப்படியானால், சுவர் இடிந்தால் என்ன ஆகும்? லினக்ஸ் உலகம் இந்தக் கேள்விக்கு வைத்திருக்கும் பதில்களில் ஒன்றின் பெயர் எஸ்விர்ட். அது வந்தது 2009இல். ஆனால் அதன் கதை, பனிப்போர்க் கால அமெரிக்க விமானப்படையின் ஒரு தலைவலியில் தொடங்குகிறது.

1970களின் தொடக்கத்தில் கணினி விலை உயர்ந்த பொருள். ஒரே எந்திரத்தைப் பலர் நேரம் பங்கிட்டுப் பயன்படுத்தினார்கள். அதில் அதிரகசியக் கோப்பு பார்க்க உரிமை உள்ளவரும் இருந்தார், இல்லாதவரும் இருந்தார். விமானப்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் 1972இல் எழுதிய அறிக்கை இந்தச் சிக்கலை விரிவாகப் பேசுகிறது. ஆள் நம்பகமானவராக இருந்தால் மட்டும் போதாது என்பதே விஷயம். ஒரு தளபதியை நம்பலாம். அவர் ஓட்டும் நிரலை நம்ப முடியுமா? யாரோ கொடுத்த ஒரு சின்ன நிரலை அவர் இயக்குகிறார். அது அவருடைய பெயரில், அவருடைய அதிகாரத்தில் ஓடுகிறது. ரகசியக் கோப்பைப் படித்து, எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் ஒரு நகல் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. தளபதிக்கு எதுவும் தெரியாது.

யூனிக்ஸ் போன்ற அமைப்புகளில் கோப்பின் உரிமையாளர்தான் அனுமதியைத் தீர்மானிப்பார். அவர் நினைத்தால் திறந்துவிடலாம். அவர் திறந்துவிடலாம் என்றால், அவர் பெயரில் ஓடும் எந்த நிரலும் திறந்துவிடலாம். ஓட்டை இங்கேதான் இருக்கிறது. அடைக்க ஒரே வழி, அனுமதி கொடுக்கும் உரிமையை உரிமையாளரிடமிருந்தே பிடுங்குவது. விதியை அமைப்பு வைத்திருக்கும். யார் கெஞ்சினாலும் மாறாது. இதுதான் கட்டாய அணுகல் கட்டுப்பாடு.

1973இல் மைட்டர் நிறுவனத்தில் டேவிட் எலியட் பெல், லியோனார்ட் லபடுலா இருவரும் இதற்கு ஒரு கணித வடிவம் கொடுத்தார்கள். இரண்டு விதிகளில் அதைச் சொல்லிவிடலாம். உனக்கு மேல் மட்டத்தில் உள்ளதைப் படிக்கக் கூடாது. உனக்குக் கீழ் மட்டத்தில் எழுதக் கூடாது. முதல் விதி யாருக்கும் புரியும். இரண்டாவதுதான் நுட்பம்: தளபதியின் பெயரில் ஓடும் அந்தக் கள்ள நிரல் நகலைக் கீழே போட முடியாதபடி அது தடுக்கிறது. 1983இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட ‘ஆரஞ்சு புத்தகம்’, உயர்தரச் சான்று கேட்கும் கணினிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அட்டையின் நிறத்தால் வந்த பெயர்.

அதற்குப் பிறகும் இந்த யோசனை ராணுவ வளாகங்களைத் தாண்டி அதிகம் வெளியே வரவில்லை. சாதாரண அலுவலகத்தில் அதிரகசியம், ரகசியம், சாதாரணம் என்று மட்டம் பிரிக்க யாருக்குப் பொறுமை?

*

வெளியே கொண்டுவந்தது யார் என்பதுதான் வேடிக்கை. உலகத்தையே ஒட்டுக்கேட்கும் என்எஸ்ஏ. யூட்டா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த ஆய்வின் தொடர்ச்சியாக, 2000 டிசம்பரில் எஸ்இலினக்ஸை மூல நிரலோடு பொதுவில் வெளியிட்டது. 2001இல் கர்னல் உருவாக்குநர்களின் கூட்டத்தில் அதை முன்வைத்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் அப்படியே சேர்த்துக்கொள்ளவில்லை. யாருடைய பாதுகாப்பு முறையையும் செருகக்கூடிய பொதுவான ஒரு சட்டகத்தைக் கேட்டார். அது உருவாகி, எஸ்இலினக்ஸ் முதன்மைக் கர்னலுக்குள் வந்தபோது 2003 ஆகிவிட்டது.

உளவு நிறுவனம் கொடுத்த பூட்டை வீட்டில் மாட்டலாமா? அப்போதே கேட்டார்கள். 2013இல் ஸ்நோடன் ஆவணங்கள் வந்தபின் இன்னும் சத்தமாகக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என் பதில் எளிது: மூல நிரல் இத்தனை வருஷமாகத் திறந்து கிடக்கிறது, பலர் திருத்தி எழுதிவிட்டார்கள். கொடுத்தவரை நம்ப வேண்டியதில்லை, கொடுத்ததைப் பிரித்துப் பார்க்கலாம்.

ஆனால் எஸ்இலினக்ஸைத் தோற்கடிக்கப் பார்த்தது சந்தேகம் அல்ல, எரிச்சல். 2004இல் வந்த ஃபெடோரா கோர் 2இல் எல்லா நிரலுக்கும் சேர்த்து இறுக்கமான விதிகளை எழுதியிருந்தார்கள். ஒரு பொதுக் கணினியில் எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடும் என்று முன்கூட்டியே யாரால் சொல்ல முடியும்? எதைத் தொட்டாலும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’. அடுத்த பதிப்பில் பின்வாங்கி, வலையில் வெளியே தெரியும் சில சேவைகளுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். அதற்குள் ஒரு பழக்கம் ஊறிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கம்பெனியில் புது சர்வர் அமைக்க ஒரு ஆவணம் கொடுத்தார்கள். முதல் வரியே எஸ்இலினக்ஸை அணைக்கும் கட்டளை. ஏன் என்று கேட்டேன். “அது ஒரே தொல்லைப்பா, மொதல்ல ஆஃப் பண்ணிடு, அப்புறம் வேலையப் பாரு” என்றார் சீனியர். அவரிடமும் அவருக்கு முன்னால் இருந்தவர் அதையேதான் சொல்லியிருப்பார்.

*

இந்த யோசனைக்குப் பொருத்தமான ஒரு வீடு 2007இல் கிடைத்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20இல் கேவிஎம் சேர்ந்தது. அதில் ஒவ்வொரு மெய்நிகர் எந்திரமும் ஓம்புநர் கணினியின் பார்வையில் வெறும் ஒரு ப்ராசஸ். உள்ளே முழு விண்டோஸ் ஓடலாம். வெளியிலிருந்து பார்த்தால் அது கியூஎம்யூ என்ற நிரலின் ஒரு பிரதி. வட்டு, நெட்வொர்க் அட்டை, பழைய ஃபிளாப்பி டிரைவ் வரை எல்லாமாகவும் வேஷம் போடுவது அந்த கியூஎம்யூதான். வேஷத்தில் ஒரு பிழை இருந்தால், உள்ளே இருப்பவர் சுவரை உடைத்து அந்த ப்ராசஸாகவே வெளியே வந்து நிற்பார்.

வெளியே வந்தவருக்கு என்ன அதிகாரம் இருக்கும்? எல்லா எந்திரங்களும் ஒரே பயனர் பெயரில் ஓடினால், பழைய யூனிக்ஸ் விதிப்படி அவை எல்லாம் ஒரே ஆள். பக்கத்து எந்திரத்தின் வட்டுக் கோப்பும் அவருடையதுதான். தளபதியின் கள்ள நிரல், முப்பத்தைந்து வருஷம் கழித்து வேறு வேஷத்தில்.

2008 ஆகஸ்டில் கர்னல் உருவாக்குநர் ஜேம்ஸ் மோரிஸ் எஸ்விர்ட் திட்டத்தை அறிவித்தார். 2009 மார்ச்சில் அது லிப்விர்ட் 0.6.1இல் சேர்ந்தது, ஜூனில் ஃபெடோரா 11 வழியாக மக்களிடம் போனது. அது செய்யும் வேலை இவ்வளவுதான். ஒரு எந்திரத்தைக் கிளப்பும்போது லிப்விர்ட் 1024 எண்களிலிருந்து இரண்டைக் குலுக்கல் போல எடுக்கும். 87, 520 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஜோடியை ப்ராசஸுக்கும் அதன் வட்டுக் கோப்புக்கும் லேபிளாக ஒட்டும். பக்கத்து எந்திரத்துக்கு வேறு ஜோடி. மொத்தம் 5,23,776 ஜோடிகள் சாத்தியம். ஒன்று இன்னொன்றின் வட்டைத் தொட முயன்றால், பயனர் பெயர் ஒன்றாக இருந்தாலும், கர்னல் லேபிளைப் பார்க்கும், மறுக்கும். சுவரை உடைத்து வந்தவர் தன் சொந்த வட்டைத் தவிர மற்றவர்களின் வட்டுகளைத் தொட முடியாமல் நிற்பார்.

ஃபெடோரா கோர் 2 தடுக்கி விழுந்த இடத்தை இது தாண்டிய விதம்தான் எனக்குப் பிடித்தது. மெய்நிகர் எந்திரம் எந்தக் கோப்பைத் தொடும் என்று யாரும் யோசித்து எழுத வேண்டாம். எந்த வட்டை இணைக்க வேண்டும் என்ற பட்டியல் லிப்விர்ட் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பட்டியல்தான் விதி. லேபிள் தானாக ஒட்டும், எந்திரம் நின்றதும் தானாக எடுபடும்.

இன்னொன்றும் மாறியிருந்தது. எஸ்விர்ட் லேபிளிலும் பழைய ராணுவ மட்டத்துக்கு ஒரு இடம் உண்டு. ஆனால் எல்லா எந்திரங்களுக்கும் அதில் பூஜ்ஜியம். மேலே யாரும் இல்லை, கீழே யாரும் இல்லை. தளபதிக்கும் சிப்பாய்க்கும் நடுவே கோடு போட உருவான கணிதம், ஒரே மாடியில் குடியிருக்கும் அந்நியர்களுக்கு நடுவே கோடு போடுகிறது.

2015 மே மாதம் இதற்கு ஒரு சோதனை வந்தது. கியூஎம்யூவின் ஃபிளாப்பி பகுதியில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து ‘வெனம்’ என்று பெயர் வைத்தார்கள். 2004இலிருந்தே அங்கே இருந்த பிழை. ஃபிளாப்பியே இல்லாத எந்திரங்களிலும் அந்தப் பகுதி விழித்துக்கொண்டுதான் இருந்தது. சுவர் இடிவதை எஸ்விர்ட் தடுக்காது. இடிந்தபின் கைவைக்கக் கூடியதைச் சுருக்கும். ரெட் ஹேட் தன் அறிவிப்பில் பாதிப்பைக் குறைக்கக்கூடியதாக இதைக் குறிப்பிட்டிருந்தது. இதற்கு எல்லைகளும் உண்டு. லேபிளைப் பார்ப்பது கர்னல். கர்னலிலேயே ஓட்டை என்றால் காவல்காரரே விழுந்துவிட்டார். 2018இல் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டவுன் மாதிரி சில்லின் வழியாகவே கசிவது லேபிளுக்குத் தெரியவே தெரியாது.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது அந்த ஆவணத்தின் முதல் வரிதான். எஸ்இலினக்ஸை அணைத்தால் எஸ்விர்டும் சேர்ந்தே அணைகிறது. எந்திரங்கள் வழக்கம்போலக் கிளம்பும், எல்லாம் நன்றாக ஓடும், ஒரு எச்சரிக்கைகூடத் திரையில் வராமல் போகலாம். 2004இல் ஒரு சர்வரின் உரிமையாளர் அதை அணைத்தால் ஆபத்து அவருக்கு. இன்று ஓம்புநர் கணினியில் அணைப்பவர் வேறு, ஆபத்தில் இருப்பவர்கள் உள்ளே குடியிருப்பவர்கள். அந்த மருத்துவமனை தன் எந்திரத்துக்குள்ளிருந்து என்ன கட்டளை கொடுத்துப் பார்த்தாலும், வெளியே தன் மேல் லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.