அமெரிக்காவில் பன்னாட்டு மாணவர்களின் பயிற்சிப் பணி: வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் எஃப்-1 விசாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள், தங்கள் துறை சார்ந்த நிறுவனங்களில் குறிப்பிட்ட காலம் வேலை செய்து பயில்வதற்கு அனுமதிக்கும் ஏற்பாடு செய்முறைப் பயிற்சி எனப்படுகிறது. இதில் இரண்டு வகைகள் உண்டு. படிப்பின் நடுவே பாடத்திட்டத்தின் பகுதியாகச் செய்யும் இன்டர்ன்ஷிப், பாடத்திட்டம் சார்ந்த செய்முறைப் பயிற்சி ஆகும். இது சுருக்கமாகச் சிபிடி எனப்படும். பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் செய்யும் வேலை, விருப்பச் செய்முறைப் பயிற்சி ஆகும். இது ஓபிடி எனப்படும்.

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்ததாகக் கணக்கிடப்பட்ட 11,26,690 பன்னாட்டு மாணவர்களில் 2,42,782 பேர் ஓபிடியில் இருந்தவர்கள். இந்தியாவிலிருந்து சென்றவர்கள் 3,31,602 பேர். அவர்களுள் 97,556 பேர் ஓபிடியில் இருந்தனர். இத்தனை பேரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இந்த ஏற்பாட்டை அமெரிக்கக் காங்கிரசு இயற்றிய சட்டம் எதுவும் பெயர் சொல்லி உருவாக்கவில்லை. அரசுத் துறைகள் வெளியிட்ட விதிகளின் மீதே அது நிற்கிறது. அதன் முக்கால் நூற்றாண்டு வரலாற்றில் எழுந்த பெரும்பாலான சிக்கல்களுக்கு இதுவே வேர்.

மாணவரா, தொழிலாளியா?

வெளிநாட்டு மாணவர் வேலை செய்யலாமா என்ற கேள்வி அமெரிக்கக் குடிவரவுச் சட்டங்களின் தொடக்க காலத்திலேயே எழுந்தது. 1882 ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் நுழைவதைத் தடுத்தது. மாணவர்களும் வணிகர்களும் அத்தடையிலிருந்து விலக்குப் பெற்றனர். ஆகவே சீன மாணவர் ஒருவர் கூலி வேலையில் காணப்பட்டால், அவர் மாணவர்தானா என்ற ஐயமே அவரை நாடு கடத்தப் போதுமானதாக இருந்தது. 1917 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளிலிருந்து குடியேறுவதைத் தடைசெய்தது. அங்கும் மாணவர்களுக்கு விலக்கு இருந்தது. அக்காலத்தில் கலிபோர்னியாவில் படித்த இந்திய மாணவர்கள் பலர் கோடை விடுமுறையில் பண்ணைகளில் உழைத்தே கல்விச் செலவை ஈட்டினர். அது வயிற்றுக்கான வேலை. படிப்புக்கான பயிற்சி அன்று.

படிப்பையும் தொழிற்சாலை வேலையையும் இணைக்கும் எண்ணம் வேறு வழியில் வளர்ந்தது. 1906 ஆம் ஆண்டு சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர் எர்மன் சினைடர் கூட்டுறவுக் கல்வி என்னும் முறையைத் தொடங்கினார். மாணவர்கள் சில வாரங்கள் வகுப்பிலும் சில வாரங்கள் தொழிற்சாலையிலும் மாறிமாறிப் பயின்றனர். முதல் அணியில் 27 பேர் இருந்தனர். இன்றைய இன்டர்ன்ஷிப்பின் முன்னோடிகளுள் ஒன்று இது.

1924 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் நாட்டு வாரியாக ஒதுக்கீடு விதித்தபோது, மாணவர்களை ஒதுக்கீட்டுக்கு வெளியே வைத்தது. படிப்பு ஒன்றே வருகையின் நோக்கமாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பெருமந்தக் காலத்தில் வேலையின்மை பெருகியதும் இந்த நிபந்தனை இறுக்கமாகப் படிக்கப்பட்டது. 1932 இல் தொழிலாளர் துறைச் செயலர் வில்லியம் டோக், இத்தகைய மாணவர்கள் ஊதியத்திற்கு வேலை செய்வதைத் தடுக்க முனைந்தார். கல்வி நிறுவனங்கள் எதிர்த்தன. அமெரிக்கரின் வேலையை மாணவர் பறிக்கிறார் என்ற வாதம் அப்போதே முழு வடிவில் எழுந்துவிட்டது.

1947 ஆம் ஆண்டின் விதி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளும் போரில் சிதைந்த நாடுகளும் பொறியாளர்களையும் அறிவியலாளர்களையும் உருவாக்க அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை நாடின. பட்டம் மட்டும் போதாது, ஆலையிலும் ஆய்வகத்திலும் கைப்பழக்கம் வேண்டும் என்பது அவற்றின் தேவை.

குடிவரவு நிர்வாகம் 1940 இல் தொழிலாளர் துறையிலிருந்து நீதித் துறைக்கு மாறியிருந்தது. 1947 ஆம் ஆண்டு அது ஒரு விதியை வெளியிட்டது. செய்முறைப் பயிற்சிக்காக வேலை தேவை என்று கல்வி நிறுவனம் விதித்தாலோ பரிந்துரைத்தாலோ, மாணவருக்கு ஆறு மாத வேலை அனுமதி வழங்கலாம். அதை இருமுறை ஆறாறு மாதம் நீட்டிக்கலாம். ஆக மொத்தம் 18 மாதங்கள். இன்றைய ஓபிடியின் வேர் இந்த விதியே.

1952 ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் குடியுரிமைச் சட்டம் எஃப் விசா வகையை உருவாக்கியது. தாய்நாட்டிலுள்ள வசிப்பிடத்தைக் கைவிடும் எண்ணம் இல்லாதவராக, படிப்புக்காக மட்டுமே வருபவராக மாணவர் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. படிப்புக்குப் பிந்தைய பயிற்சியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஆயினும் பயிற்சி விதி தொடர்ந்தது. சட்டம் மௌனமாக இருந்த இடத்தில் விதி பேசியது. பின்னாளில் நீதிமன்றங்கள் விவாதித்ததும் இந்த இடைவெளியைத்தான்.

சிபிடி, ஓபிடி: பெயர் பெற்ற காலம்

1990 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவுக்கு ஆண்டுக்கு 65,000 என்ற உச்சவரம்பை விதித்தது. வளாகத்துக்கு வெளியே மாணவர்கள் பகுதி நேர வேலை செய்வதற்கான மூன்றாண்டுச் சோதனைத் திட்டம் ஒன்றையும் அது கொண்டுவந்தது. அத்திட்டம் நிலைக்கவில்லை. 1992 ஆம் ஆண்டு வெளியான இடைக்கால விதி நிலைத்தது. ஓபிடி என்ற பெயரும் 12 மாதக் கால அளவும் அவ்விதியால் உறுதியாயின.

இவ்விதிகளின்படி இன்டர்ன்ஷிப் தேடுவோர் முன் உள்ள நிபந்தனைகள் பின்வருமாறு அமைந்தன:

பொதுவாக ஒரு கல்வியாண்டு முழுநேரம் படித்த பின்னரே சிபிடி கிடைக்கும். தொடக்கத்திலேயே பயிற்சியைக் கட்டாயமாக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. வேலை பாடத்துறையோடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் வேலை உறுதிக் கடிதம் வேண்டும். அதன் பிறகே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலர் ஐ-20 படிவத்தில் அனுமதி பதிவார். முழுநேரச் சிபிடி 12 மாதங்களை எட்டினால் அந்தப் பட்ட நிலைக்குரிய ஓபிடி பறிபோகும். ஓபிடிக்கோ வேலை உறுதி முன்கூட்டியே தேவையில்லை. அரசிடம் விண்ணப்பித்து வேலை அனுமதி அட்டை பெற வேண்டும்.

இந்த நிபந்தனைகள் மாணவரின் நாட்காட்டியையே வகுத்தன. முதுநிலைப் படிப்பில் ஆகத்து மாதம் சேரும் ஒருவர் அடுத்த மே மாதம் சிபிடிக்குத் தகுதி பெறுகிறார். ஆனால் பெரிய நிறுவனங்கள் அடுத்த கோடைக்கான ஆள்சேர்ப்பைச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே தொடங்கிவிடுகின்றன. வந்து இறங்கிய சில வாரங்களில், முதல் தேர்வைக்கூட எழுதாத நிலையில், வளாக வேலைவாய்ப்பு முகாமில் சுயவிவரத் தாளோடு நிற்க வேண்டியதாகிறது. விண்ணப்பங்களில் தவறாமல் இடம்பெறும் கேள்வி ஒன்று உண்டு: இப்போதோ பின்னரோ விசா ஆதரவு தேவைப்படுமா என்பது அது. ஆம் என்று பதில் சொன்னதால் விண்ணப்பம் ஒதுக்கப்பட்டாலும் மாணவருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. குடியுரிமை நிலை சார்ந்த பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு குடிமக்கள், நிரந்தரக் குடியிருப்பாளர்கள், ஏதிலிகள் போன்றோரையே காக்கிறது. பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனங்களின் கதவுகள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளால் பெரும்பாலும் மூடியே இருக்கின்றன.

கண்காணிப்பின் காலம்

1993 ஆம் ஆண்டு நியூயார்க்கு உலக வணிக மையத்தில் குண்டு வைத்தவர்களுள் ஒருவர் மாணவர் விசாவில் வந்தவர். இதையடுத்து 1996 ஆம் ஆண்டின் சட்டம் வெளிநாட்டு மாணவர் விவரங்களைத் திரட்ட ஆணையிட்டது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அப்பணி விரைந்தது. செவிசு என்னும் மின்னணுப் பதிவு முறை 2003 இல் நடைமுறைக்கு வந்தது. மாணவரின் முகவரி, பாடச்சுமை, வேலை செய்யும் நிறுவனம் ஆகிய அனைத்தும் அதில் பதிவாயின. வெளிநாட்டு மாணவர் அலுவலர் அதுவரை ஆலோசகராக இருந்தார். அதன்பின் அரசுக்குத் தகவல் தெரிவிக்கும் பொறுப்பும் அவர் மீது விழுந்தது.

ஸ்டெம் நீட்டிப்பு

2004 நிதியாண்டில் எச்-1பி உச்சவரம்பு 1,95,000 இலிருந்து மீண்டும் 65,000 ஆகக் குறைந்தது. பின்னர் அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்காக 20,000 இடங்கள் சேர்க்கப்பட்டன. 2007 ஏப்ரலில் விண்ணப்பம் பெறத் தொடங்கிய முதல் நாளிலேயே பொது ஒதுக்கீடு நிரம்பியது. குலுக்கல் நடத்த நேர்ந்தது. 12 மாத ஓபிடி என்பது ஒரே ஒரு குலுக்கல் வாய்ப்பு என்றாகியது.

தொழில்நுட்ப நிறுவனங்கள் கால நீட்டிப்பைக் கோரின. 2008 ஏப்ரலில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய ஸ்டெம் துறைகளில் பட்டம் பெற்றோருக்கு 17 மாத நீட்டிப்பு அளித்தது. அதே விதி, ஓபிடி காலத்தில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையின்றி இருந்தால் மாணவர் நிலை பாதிக்கப்படும் என்ற வரம்பையும் கொண்டுவந்தது. அவ்வாண்டின் இறுதியில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது அந்த 90 நாள் கணக்கு பல பட்டதாரிகளுக்குப் பெரும் சுமையானது. நாட்டில் தங்கும் உரிமைக்காக ஊதியமற்ற இன்டர்ன்ஷிப்பையும் தன்னார்வப் பணியையும் ஏற்கும் வழக்கம் பரவியது. ஸ்டெம் நீட்டிப்பில் அதற்கும் இடமில்லை. அங்கு ஊதியம் கட்டாயம்.

நீதிமன்றத்தில் ஓபிடி

வாசிங்டன் தொழில்நுட்பத் தொழிலாளர் கூட்டணி என்னும் அமைப்பு 2014 இல் இந்த விதிக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. பொதுமக்கள் கருத்தைக் கேளாமல் அவசரமாக விதி வெளியிட்டது தவறு என்று 2015 ஆகத்தில் மாவட்ட நீதிமன்றம் 2008 ஆம் ஆண்டின் விதியைச் செல்லாததாக்கியது. உடனே நடைமுறைப்படுத்தினால் பல்லாயிரம் மாணவர்கள் நாட்டை விட்டு வெளியேற நேரும் என்பதால் தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. அரசு புதிய வரைவை வெளியிட்டபோது 50,000க்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன. 2016 மே 10 அன்று நடைமுறைக்கு வந்த புதிய விதி, நீட்டிப்பை 24 மாதங்களாக உயர்த்தியது. நிறுவனமும் மாணவரும் கையொப்பமிடும் ஐ-983 என்னும் பயிற்சித் திட்டப் படிவமும் கட்டாயமானது.

வழக்கு மீண்டும் தொடர்ந்தது. காங்கிரசு அனுமதிக்காத ஒன்றைத் துறை தானாக உருவாக்க முடியுமா என்பது இம்முறை கேள்வி. 1947 முதல் இத்தகைய பயிற்சி நடந்து வருவதை அறிந்தும் காங்கிரசு அதைத் தடுக்கவில்லை என்பதைக் கருத்தில் கொண்டு, 2022 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஓபிடியை உறுதி செய்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்கவில்லை.

போலிப் பல்கலைக்கழகங்கள்

வகுப்பே இல்லாமல் வேலை அனுமதியை மட்டும் விற்கும் நிறுவனங்களும் முளைத்தன. கலிபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகத்தில் 2011 சனவரியில் சோதனை நடந்தது. அங்கு பதிவு செய்திருந்தோர் பெரும்பாலும் இந்தியர். குறிப்பாக ஆந்திரப் பகுதியினர். சிலரின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. இந்திய அரசு கண்டித்தது. அந்நிறுவனத்தின் தலைவருக்கு 2014 இல் 16 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

பின்னர் அரசே போலிப் பல்கலைக்கழகங்களை நடத்தியது. நியூ செர்சியில் 2013 இல் தொடங்கப்பட்ட ஒன்று 2016 இல் அம்பலமாகி, 21 தரகர்கள் கைதாயினர். மிச்சிகனில் நடத்தப்பட்ட பார்மிங்டன் பல்கலைக்கழகம் 2019 சனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் ஏறத்தாழ 600 மாணவர்கள் சேர்ந்திருந்தனர். படிக்காமல் வேலை செய்யவே அவர்கள் சேர்ந்தனர் என்றது அரசு. அரசின் அங்கீகாரப் பட்டியலில் இருந்த நிறுவனத்தை நம்பிப் பணம் கட்டி ஏமாந்தோம் என்றனர் மாணவர்கள். கட்டிய பணத்தைக் கேட்டுத் தொடரப்பட்ட வழக்கு நடைபெறலாம் என 2024 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

ஆதரவும் எதிர்ப்பும்

ஓபிடியை எதிர்ப்போர் முன்வைக்கும் வலுவான வாதம் வரி பற்றியது. எஃப்-1 மாணவர்கள் பொதுவாக முதல் ஐந்து ஆண்டுகள் சமூகப் பாதுகாப்பு வரியும் மருத்துவக் காப்பு வரியும் செலுத்துவதில்லை. வேலை தரும் நிறுவனமும் தன் பங்கான 7.65 விழுக்காட்டைச் செலுத்த வேண்டியதில்லை. இதனால் உள்நாட்டுப் பட்டதாரியை விட வெளிநாட்டுப் பட்டதாரி நிறுவனத்துக்கு மலிவாகிறார் என்பது அவர்கள் கூற்று. உயர்ந்த கட்டணம் செலுத்திப் படித்தவர்களின் திறனை நாடு இழக்கக் கூடாது என்பதும், பயிற்சி வாய்ப்பு இல்லையேல் மாணவர்கள் வேறு நாடுகளைத் தேர்வு செய்வர் என்பதும் ஆதரவாளர்களின் வாதம். இதற்கு அவர்கள் பிரித்தானியாவைச் சான்றாகக் காட்டுவதுண்டு. அந்நாடு 2012 இல் படிப்புக்குப் பிந்தைய ஈராண்டு வேலை விசாவை மூடியது. 2021 இல் வேறு பெயரில் மீண்டும் திறந்தது.

அண்மை நிலை

2025 மே மாதம், அமெரிக்கக் குடிவரவுச் சேவைத் துறையின் தலைமைக்கு முன்மொழியப்பட்டவர், படிப்புக் காலத்துக்கு அப்பால் மாணவர்களுக்கு வேலை அனுமதி வழங்கும் விதிகளை நீக்க விரும்புவதாகச் செனட் விசாரணையில் தெரிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான அதிபர் ஆணை, புதிய எச்-1பி மனுக்கள் சிலவற்றுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. இவ்விரண்டும், பயிற்சிக்குப் பின் வேலை என்ற வழக்கமான பாதையை நம்பிக் கல்விக் கடன் பெற்ற மாணவர்களை நேரடியாகத் தொடுபவை.

ஓபிடியைக் காங்கிரசு இயற்றும் சட்டத்தால் மட்டுமல்ல, அது பிறந்த முறையிலேயே, அதாவது துறை வெளியிடும் விதியாலும் மாற்றலாம். 1947 இல் ஒரு விதி திறந்த வாயிலை மற்றொரு விதி குறுக்க முடியும். சின்சினாட்டியில் கல்விமுறையாகத் தொடங்கிய தொழிற்சாலைப் பயிற்சி, வெளிநாட்டு மாணவரைப் பொறுத்தவரை இன்று குடிவரவுக் கொள்கையின் பகுதியாகிவிட்டது. படிக்கச் செல்பவர் பட்டத்தோடு சேர்த்துப் பெற விரும்பும் தொழிலனுபவம், அவர் படிப்பை முடிக்கும் ஆண்டில் எந்த விதி நடைமுறையில் இருக்கிறது என்பதையே சார்ந்துள்ளது.