எஞ்சின் வந்தது, பாடம் வரவில்லை: இந்தியாவில் இயந்திரப் பொறியியல் படிப்பின் தாமதம்

1853 ஏப்ரலில் பம்பாயிலிருந்து தானேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. இயந்திரப் பொறியியலில் பட்டம் வழங்கும் கல்லூரிப் படிப்பு இந்தியாவில் நிலைபெற அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மாணவரின் ஆர்வக் குறைவால் நேர்ந்த தாமதம் அன்று இது. கல்லூரிகள் எவருடைய தேவைக்காக நிறுவப்பட்டன என்பதில்தான் விடை இருக்கிறது.

ரூர்க்கியில் 1847இல் தொடங்கப்பெற்ற கல்லூரி, கங்கைக் கால்வாய்ப் பணிக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டியிருந்ததால் பிறந்தது. பூனா, சிப்பூர், கிண்டி ஆகியவற்றின் பாடத்திட்டங்களும் முதன்மையாகப் பொதுப்பணித் துறையை நோக்கியே அமைந்தன. அத்துறையின் உயர்பதவிகளுக்கென இங்கிலாந்திலேயே கூப்பர்ஸ் ஹில்லில் தனிக் கல்லூரி ஒன்று 1906 வரை நடந்தது. பொறியாளர் என்ற சொல் கால்வாய், பாலம், சாலை ஆகியவற்றோடு மட்டுமே பிணைந்திருந்தது. எஞ்சின்கள் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்தன. அவற்றுக்குப் பொறுப்பான மேலதிகாரிகளும் அவ்வாறே வந்தனர்.

ஆனால் இயந்திர அறிவு இங்கே இல்லாமலில்லை. ஜமால்பூர் ரயில்வே பணிமனை 1862இல் அமைந்தது. அஜ்மீர் பணிமனை 1895இல் எஃப்-734 என்ற நீராவி எஞ்சினையே உருவாக்கிவிட்டது. வார்ப்படமும் கொல்லுலையும் கடைசல் பொறியும் அறிந்த இந்தியக் கைகள் அங்கு உழைத்தன. அக்கைகளுக்கு உரியவர் ‘மிஸ்திரி’ எனப்பட்டார். தலைவன், ஆசான் என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்த அது, காலனிய ஆட்சியில் பொறியாளருக்குக் கீழ்ப்பட்டவரின் பெயராகச் சுருங்கியதைக் கவனிக்க வேண்டும். மிஸ்திரியின் மகன் வரைபட மேசைக்குச் செல்லும் வழியைக் கல்லூரி திறக்கவில்லை.

விதிவிலக்குகள் உண்டு. 1887இல் பம்பாயில் தோன்றிய விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிறுவனம், ஆலைகளின் நகரத்துக்கு ஏற்ப இயந்திரப் பொறியியலையும் நெசவுத் தொழில்நுட்பத்தையும் கற்பித்தது. வங்கத்தில் சுதேசி எழுச்சியின் விளைவாக 1906இல் வங்காளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாயிற்று. இவை அளித்தவை பல்கலைக்கழகப் பட்டங்கள் அல்ல.

1916இல் அமைந்த இந்தியத் தொழில் ஆணையம், இயந்திரப் பயிற்சிக்கு உரிய இடம் பணிமனையே, கோட்பாட்டு வகுப்புகள் அதனோடு இணைந்திருந்தால் போதும் என்ற போக்கில் பரிந்துரைத்தது. கல்வியியல் நோக்கில் இக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உலைக்களம் காணாத பொறியாளரால் பயன் குறைவுதான். ஆயினும் பணிமனையின் உயர்நிலைப் பயிற்சி இடங்கள் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் வசமிருந்த நிலையில், அப்பரிந்துரை நடைமுறையில் எவருக்கு உதவியது? ஆணைய உறுப்பினராயிருந்த மதன் மோகன் மாளவியா அறிக்கையுடன் முழுமையாக உடன்படாமல், தம் நீண்ட மாற்றுக் குறிப்பை அதனுடன் இணைத்தார்.

அவர் நிறுவிய காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1919இல் பொறியியல் கல்லூரி தொடங்கியது. சார்லஸ் கிங் அதன் முதல்வரானார். இயந்திர, மின் பொறியியல் பட்டப்படிப்புகளை நாட்டில் முதன்முதலில் நடத்திய பெருமை பொதுவாக இக்கல்லூரிக்கே தரப்படுகிறது. கால்வாய்த் துறையையோ ரயில்வேயையோ சாராத ஒரு நிறுவனம், அரசு கேட்காத ஒரு படிப்பைத் தொடங்கியது என்பதே இங்கு முக்கியம். ஜமால்பூரில் தேர்வு மூலம் சிறப்பு வகுப்புப் பயிற்சியாளர்களைச் சேர்க்கும் முறை 1927இல்தான் வந்தது. சித்தரஞ்சனில் எஞ்சின் உற்பத்தி தொடங்கியதோ 1950இல். அஜ்மீர் எஞ்சின் உருவாகி அப்போது 55 ஆண்டுகள் கழிந்திருந்தன.