லெஸ்லி நியூபிகின் – மதுரையின் முதல் பேராயர்

லெஸ்லி நியூபிகின் (1909 டிசம்பர் 8 – 1998 சனவரி 30) தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயர், இறையியல் அறிஞர்.

இளமை

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று, 1936இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் குருவாகி, மனைவி ஹெலனுடன் சென்னை வந்தார். வந்த சில மாதங்களில் பேருந்து விபத்தில் கால் முறிந்ததால் தாயகம் திரும்ப நேர்ந்தது. 1939இல் மீண்டும் வந்து காஞ்சிபுரத்தில் பணியாற்றினார். அங்கே இராமகிருஷ்ண மடத் துறவியருடன் அமர்ந்து உபநிடதங்களையும் யோவான் நற்செய்தியையும் மாறி மாறி வாசித்தார்.

திருச்சபை ஒன்றிப்பு

1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஒன்றிப்பு முயற்சி, 1947 செப்டம்பர் 27இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் நிறைவேறியது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் ஒன்றாயின. அன்று பேராயர்களாக அருட்பொழிவு பெற்றவர்களுள் 37 வயது நியூபிகினும் ஒருவர்.

இது எளிதான பொறுப்பு அன்று. மதுரை வட்டாரச் சபைகளில் பெரும்பாலானவை 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனால் வளர்ந்தவை. அவற்றுக்குப் பேராயர் ஆட்சி பழக்கமில்லை. இராமநாதபுரப் பகுதியில் ஆங்கிலிக்கன் மரபுச் சபைகளும் இருந்தன. நியூபிகின் வளர்ந்த பிரஸ்பிட்டேரிய மரபிலும் பேராயர் பதவி கிடையாது. இரு தரப்பாரும் ஏற்கும்படி அவர் நடந்துகொள்ள வேண்டியிருந்தது.

எதிர்ப்பும் விடையும்

ஒன்றிப்புக்கு முன் மற்றச் சபைகளில் குருக்களானவர்கள், பேராயர் கையால் மறுபடி குருப்பட்டம் பெறாமலே ஏற்கப்பட்டனர். ஆங்கிலிக்கன் உலகில் பலருக்கு இது உறுத்தியது. எனவே 1948 லாம்பெத் மாநாடு புதிய திருச்சபையை முழு உறவுடன் ஏற்கவில்லை. அதே ஆண்டு வெளியான தம் நூலில் நியூபிகின் ஒன்றிப்பின் நியாயத்தை விளக்கினார். பிளவுபட்ட சபை ஒப்புரவை எப்படிப் போதிக்க முடியும் என்பதே அவர் வாதத்தின் சாரம். 1951இல் வெளியான அவரது நாட்குறிப்பு நூல், மதுரைச் சீமையின் கிராமச் சபைகளைக் காட்டுகிறது.

பிற்காலம்

1959இல் அனைத்துலக மிஷனரி மன்றப் பொதுச்செயலரானார். 1961இல் புதுதில்லியில் அம்மன்றம் உலகத் திருச்சபைகள் மன்றத்துடன் இணைந்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்து, ஓய்வு பெற்றபின் இங்கிலாந்து திரும்பினார். அங்கும் ஓய்ந்திராமல் இறையியல் கற்பித்தார். பர்மிங்காமில் ஒரு சிறு சபைக்குப் போதகராகவும் இருந்தார்.

மரபை விட்டுக்கொடுக்காமல் ஒற்றுமை வராது என்று 1947இல் அஞ்சியவர்களும், விட்டுக்கொடுத்தால் மரபே அழியும் என்று அஞ்சியவர்களும் இருந்தனர். இரு மரபுகளும் தம் அடையாளத்தை இழக்காமல் ஒரே குடையின் கீழ் வாழ முடியும் என்பதற்கு நியூபிகினின் மதுரைப் பணி ஒரு சான்று.