பார்வதியின் கண்ணில் புரை

கண்புரை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிய விஷயம் இல்லை. பாவில் அறுந்த இழையைத் தேடி முடிவதற்குக் கண் வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய நெசவாளரைக் கேட்டால், எந்த முகாமில் எந்தக் கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது என்று உடனே சொல்வார். காலையில் போய் மாலையில் வீடு திரும்பி விடுகிறோம். ஆனால் அதே புரை மதுரை மீனாட்சியம்மன் கோயில் யானை பார்வதிக்கு வந்தபோது, கத்தியா மருந்தா என்ற கேள்விக்கு அவ்வளவு எளிதாகப் பதில் கிடைக்கவில்லை.

இந்தக் கேள்வி பழையது. சுஸ்ருத சம்ஹிதையில் புரைக்கு ஊசி வைத்தியம் சொல்லியிருக்கிறது. கூரிய கருவியால் கண்ணைத் துளைத்து, மங்கிய வில்லையைப் பார்வைக் கோட்டிலிருந்து கீழே தள்ளிவிடுவார்கள். வில்லை கண்ணுக்குள்ளேயேதான் கிடக்கும். உடனே கொஞ்சம் வெளிச்சம் தெரியும். பிறகு சீழ் பிடித்துக் கண்ணே போனவர்களும் உண்டு. பல நூற்றாண்டுகள் உலகம் முழுவதும் இதுதான் நடந்தது. வில்லையைத் தள்ளாமல் வெளியே எடுத்துவிடும் முறையை 1747ல் செய்து காட்டியவர் ழாக் தவியேல் என்ற பிரெஞ்சு வைத்தியர். 1753ல் அதை விவரமாக எழுதினார். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். நெப்போலியனின் போர்களைப் பக்கம் பக்கமாக உருப்போட வைத்தார்கள். தவியேல் பெயரை ஒருவரும் சொன்னதில்லை.

தவியேல் காலத்தில் மரத்துப்போக மருந்து கிடையாது. நோயாளியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். 1884ல் கார்ல் கோலர் கோக்கைன் சொட்டால் கண்ணை மரத்துப்போகச் செய்யலாம் என்று காட்டினார். அதன் பிறகு மனிதனிடம் “அசையாதீர்கள்” என்று சொன்னால் போதும். யானையிடம் யார் சொல்வது?

அதோடு பார்வதி இருப்பது மதுரையில். 1976ல் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் அது. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைப் பழக்கி, அந்தக் கையாலேயே கத்தி பிடித்தவர். கண்ணுக்குள் வைக்கும் வில்லையை ஏழைக்கும் கட்டுப்படியாகும் விலையில் தர 1992ல் அங்கேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடமும் வந்தது. லட்சக்கணக்கானவர்களுக்குப் பார்வை திருப்பிக் கொடுத்த ஊரில் அம்மன் கோயில் யானைக்குப் பார்வை மங்கியது.

முதலில் இடது கண், பிறகு வலது கண். நம் கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவர்கள் பார்த்தார்கள். 2022 ஜூன் மாதம் தாய்லாந்தின் கசெட்சார்ட் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழுவே வந்து பார்த்தது. கத்தி எடுக்கவில்லை, மருந்தும் கவனிப்பும் தொடர்ந்தன.

பயந்துவிட்டார்கள் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யானையின் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருக்கிறது. மூச்சு வாங்க நெஞ்சு விரிந்தாக வேண்டும். மயக்கத்தில் ஒருக்களித்து வெகுநேரம் கிடந்தால் அதன் எடையே அதை அழுத்தும். கீழ்ப்பக்கத்துத் தசையும் நரம்பும் நசுங்கும். ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சி சாலையில் வின் திடா என்ற ஆசிய யானைக்குக் கண்ணில் கீறல் பட்டபோது, 2012ல் அதை நிற்க வைத்தே காண்டாக்ட் லென்ஸ் பொருத்தினார்கள். மருத்துவர் ஏணியில் ஏறினார். அது கண்ணின் மேற்பரப்பில் செய்த வேலை. புரை எடுப்பது உள்ளே போகிற வேலை. இங்கிலாந்தின் பெய்ன்டன் மிருகக்காட்சி சாலையில் டச்சஸ் என்ற யானைக்கு அதையும் செய்திருக்கிறார்கள். ஆக, முடியவே முடியாது என்பதில்லை. ஆனால் ஆபரேஷனோடு விஷயம் முடிவதில்லை. நமக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுத்து, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள், கண்ணைக் கசக்காதே என்கிறார்கள். தும்பிக்கையால் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொள்ளும் பிராணியை எத்தனை நாள் கட்டுப்படுத்த முடியும்?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சொட்டு மருந்தால் புரை கரையாது. எரிச்சலையும் வீக்கத்தையும் தணிக்கலாம், அவ்வளவுதான். மருந்து என்று முடிவு செய்தவர்கள், பார்வை திரும்பாது என்பதையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள். உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்ற முடிவு அது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதற்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். யானைக்குக் கண்ணைவிடத் தும்பிக்கை முக்கியம். மோப்பத்தாலும் தரையில் வரும் அதிர்வாலும் அது பாதி உலகத்தை அறிந்துகொள்ளும். மீதிக்குப் பாகனின் குரல் உண்டு.

பாலகாப்பியர் பெயரில் வழங்கும் ஹஸ்தியாயுர்வேதத்தில், யானை வைத்தியத்துக்கென்றே உள்ள அந்த வடமொழி நூலில், அறுவைக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. அந்தக் காலத்திலும் யாரோ ஒரு வைத்தியர் கையில் கருவியோடு யானைக் கொட்டிலில் நின்று யோசித்திருப்பார்.

நம் காமாட்சியம்மன் கோயில் யானைகள் சந்தியா, இந்து, ஜெயந்தி மூன்றும் திருச்சி எம்.ஆர்.பாளையம் மறுவாழ்வு மையத்துக்குப் போய்விட்டன. மதுரையில் பார்வதி குளிக்கக் கோயிலுக்குள்ளேயே 2022ல் ஒரு குளியல் தொட்டி கட்டிக் கொடுத்தார்கள்.